ஐம்பதிலும் வளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழி நமது சங்கக் கூட்டங்களில் வழங்கும் அளவுக்கு வேறெங்கும் வழங்குமா என்பது ஐயமே. புதிய ரகம் நெய்வதற்கு ஒரு பயிற்சி வகுப்பு நடைபெறப் போவதாகச் சுற்றறிக்கை வருகிறது. யாரை அனுப்புவது என்னும் கேள்வி எழுகிறது. நிர்வாகக் குழுவினர் இளைஞர் இருவரின் பெயரைச் சொல்லுகின்றனர். மூத்த அங்கத்தினர் ஒருவரை எவரேனும் முன்மொழிய நினைத்தாலும், அவரே முந்திக்கொண்டு, "எனக்கு எதற்கப்பா, வயதாகிவிட்டதே" என்று பழமொழியைத் தம்மீதே சாத்திக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது.

கூட்டுறவு ஆய்வாளன் என்ற முறையில் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது என் தொழில். இத்தகைய தீர்மானங்களில் விதிமீறல் ஏதுமில்லை. ஆகவே தணிக்கைக் குறிப்பில் எழுதுவதற்கும் ஒன்றுமில்லை. ஆயினும் நட்டம் இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும், பழைய மகாபலிபுரம் சாலைக் கணினிக் கம்பெனிகளுக்கும் போய்விட்டனர். எஞ்சியிருக்கும் தறிகளில் அமர்ந்திருப்போர் நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்களே. ஐம்பதில் வளையாது என்பது உண்மையானால் அத்தறிகளின் கதை அவர்களோடு முடிந்தது. அஃது உண்மையா என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகிறது.

மூளை நூலைத் திறக்குமுன் நம் ஊர் அனகாபுத்தூரைப் பார்ப்போம். பம்மலை அடுத்து அடையாற்றங்கரையில் அமைந்த அவ்வூர், 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துள்ளது. அங்கு நெய்யப்பட்ட கட்டம் போட்ட பருத்தித் துணி ஒரு காலத்தில் கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா வரை சென்றது. வாணிபத்தில் அதற்கு "மெட்ராஸ் கைக்குட்டை" என்று பெயர். ஆனால் கைக்குட்டையாக அன்றி இடுப்பில் உடுத்தும் ஆடையாகவே அதனை அந்நாட்டார் கொண்டனர். நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் களபாரி மக்கள் அதனை "இஞ்சிரி" என்று அழைத்து, பிறப்புச் சடங்கு முதல் இறப்புச் சடங்கு வரை போற்றினர். அதன் இழைகளுள் சிலவற்றை நுணுக்கமாக அறுத்து உருவி, புதிய கோலம் ஒன்றைத் துணியிலேயே தோற்றுவிப்பது அவர்கள் கலை. நம் நெசவாளர் இழை சேர்க்க, அவர்கள் இழை நீக்கி அழகு செய்தனர்!

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடைகள் விதித்தபின் அந்த வாணிபம் தளர்ந்தது. கட்டம் போட்ட துணியையே சிறு வயது முதல் நெய்து, கண்ணை மூடிக்கொண்டு நெய்யத்தக்க தேர்ச்சி பெற்றிருந்தவர்களுக்கு அத்தேர்ச்சியே உதவாமற் போயிற்று. பலர் தறியை விட்டனர். விடாத ஒரு சிலர் சணல் நாரை எடுத்தனர். பிறகு வாழை நார், கற்றாழை நார், மூங்கில் நார் என்று ஒவ்வொன்றாகப் பழகினர். 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு அவ்வூரில் நெய்யப்பட்ட சேலை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது.

இது சொல்லுவதற்கு எளிது. பருத்தி நூல் கண்டாகவும் சிப்பமாகவும் வருவது. அறுந்தாலன்றி அதற்கு முடிவில்லை. வாழை நாரின் நீளமோ வாழைத்தண்டின் நீளமே. மட்டையை உரித்து, நாரைச் சீவியெடுத்து, உலர்த்தி, ஒன்றோடொன்று முடிந்து நீட்ட வேண்டும். பாவுக்கு அது ஆகாது. பருத்தியையோ பட்டையோ பாவாக ஓட்டி, ஊடையாகவே நாரைச் செலுத்த வேண்டும். காய்ந்தால் ஒடியும்; ஆகையால் ஈரம் காத்து நெய்ய வேண்டும். தாரிலிருந்து அவிழும்போது முடிச்சு தடுக்கினால் அறும். பருத்திக்கு அடித்த வேகத்தில் பலகையை அடித்தால் துணி விறைத்துப்போகும். ஆக, முப்பது ஆண்டுகளாகக் கைக்கும் காலுக்கும் ஊறிப்போயிருந்த தாளம் முழுவதையும் தளர்த்தி, வேறொரு தாளத்தைப் பழக வேண்டியதாயிற்று. அதைச் செய்தவர்கள் பள்ளிச் சிறுவர்கள் அல்லர். குடும்பம் நடத்திக்கொண்டிருந்த, வயது வந்த மனிதர்கள்.

அவர்கள் மூளையை எவரும் கருவியில் வைத்துப் படம் பிடித்ததில்லை. ஆயினும் இத்தகைய கற்றலின்போது மூளையில் நிகழ்வது என்ன என்பதைப் பிற இடங்களில் அறிஞர்கள் அளந்து பார்த்திருக்கின்றனர்.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ, உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்டுவிடுகிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கையைவிட, அவை தம்முள் கொண்டிருக்கும் இணைப்புகளே முக்கியமானவை. ஒன்றைத் திரும்பத் திரும்பப் பயிலும்போது அதற்குரிய இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயிலாது விட்டவை நலிகின்றன. பகலில் கற்றதை ஊன்றச் செய்வதில் இரவு உறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

வளர்ந்தவர் மூளையில் இந்த இணைப்புகள் இறுகிப்போய்விடும் என்பதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்களின் கொள்கையாக இருந்தது. நரம்பணு ஆராய்ச்சியின் தந்தை எனத்தக்க ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால் அவ்வாறே எழுதினார். 1964இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் மரியன் டயமண்ட் அம்மையாரும் அவர்தம் தோழர்களும் எலிகளைக் கொண்டு அக்கொள்கையை அசைத்தனர். ஏறவும் இறங்கவும் ஆராயவும் புதுப்புதுப் பொருள்கள் வைக்கப்பட்ட கூண்டில் வாழ்ந்த எலிகளின் மூளைப் புறணி, வெறுங்கூண்டில் வாழ்ந்தவற்றின் புறணியைவிடத் தடித்திருக்கக் கண்டனர். பின்னர் 1990களில் வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவர்களின் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையைத் தொட்டது போன்ற உணர்வு சிலருக்கு எழுவதைக் காட்டினார். கைக்குரிய மூளைப் பகுதி வேலையின்றிக் கிடக்கவில்லை; அடுத்திருந்த முகப்பகுதி அங்கே குடியேறிவிட்டது என்பது அவர் கண்ட விளக்கம். இவர் நம் தமிழ்நாட்டவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை மகிழ்ச்சியோடு குறிக்கலாம்.

கைத்தொழிலாளர்க்கு இவற்றினும் நெருக்கமான சோதனை ஒன்று உண்டு. 2004இல் ஜெர்மனியில், மூன்று பந்துகளை மாறி மாறி வீசிப் பிடிக்கும் வித்தையை இளைஞர் சிலருக்கு மூன்று மாத காலம் பழக்கினர். பழகியபின் எடுத்த படத்தில், அசையும் பொருளைக் கண்டறியும் மூளைப் பகுதி பருத்திருந்தது. பயிற்சியை நிறுத்திய மூன்று மாதங்களில் அப்பருமன் குறைந்தது. அறுபதை ஒட்டிய வயதினரிடம் இதே சோதனை பின்னர் நடைபெற்றபோது, இளைஞரைப்போல் அவர்கள் விரைந்து கற்கவில்லை. கற்றுத் தேறியவர்களின் மூளையிலோ மாற்றம் தெளிவாகக் காணப்பட்டது. வயதில் வளைவதற்கு நாள் கூடுகிறது; வளையாமல் இல்லை.

இனி, மூத்த அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும்: "நாங்கள்தாம் நாள்தோறும் தறியில் எட்டு மணி நேரம் உழைக்கிறோமே, இதைவிட மூளைக்குப் பயிற்சி வேறென்ன?" நியாயமான கேள்வி. இதற்கு விடையாகத் தகுந்த ஆராய்ச்சி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் அம்மையார் நடத்தி 2014இல் வெளியிட்டதாகும். 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு சாராருக்கு ஒட்டுத்துணி மெத்தை தைக்கும் கலை கற்பிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை. ஒரு சாராருக்கு இரண்டும். வாரத்துக்கு 15 மணி நேரம், மூன்று மாத காலம். மற்றொரு சாரார் அதே அளவு நேரம் ஒன்றுகூடி உரையாடியும் விளையாடியும் பொழுதைக் கழித்தனர். இன்னொரு சாரார் வீட்டில் இருந்தபடியே இசை கேட்பது போன்ற எளிய செயல்களில் ஈடுபட்டனர். முடிவில் நினைவாற்றல் மேம்பட்டது புதிய கலையைக் கற்றவர்களுக்கே. தெரிந்ததைச் செய்தும் கூடிப் பேசியும் இருந்தவர்கள் அந்தப் பயனை அடையவில்லை.

இதிலிருந்து நான் கொள்ளும் கருத்து இது. முப்பது ஆண்டுகளாக ஒரே கட்டத்தை நெய்பவரின் கைத்திறன் வணங்கத்தக்கது. ஆனால் அத்திறன் முற்றியபின் மூளைக்கு அதில் புதிய வேலை குறைவு. தறியில் கை ஓட, மனம் மகள் கலியாணக் கடனைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதை அறியாதார் யார்? விழுது மாற்றிப் பிணைத்து, மிதி வரிசையைப் புதிதாக அமைத்து, ஒரு புதுக்கரையைத் தொடங்கும் முதல் வாரத்தில்தான் மூளை விழித்து உழைக்கிறது. அந்த வாரத்தில் துணி பழுதாகும், கூலி குறையும், கோபம் வரும். அந்த எரிச்சலே கற்றலின் அடையாளம்.

உழவர்க்கும் இது பொருந்தும். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் திருந்திய நெல் சாகுபடி நம் மாநிலத்தில் பரவியபோது, 14 நாள் இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளிவிட்டுச் சதுரமாக நட வேண்டும் என்றனர். கொத்தாக நாற்றைப் பிடித்து நெருக்கி நட்டே பழகிய நடவுப் பெண்களுக்கு அது எத்துணை இடராயிருந்திருக்கும்! புதிதாகக் கற்பதைவிடப் பழகியதை மறப்பதே கடினம். நடவு முடிந்த வயலைப் பார்த்து, "இது என்ன, பயிரா மொட்டைத் தலையா" என்று அண்டை வயல்காரர் நகைப்பதையும் பொறுக்க வேண்டியிருந்தது. ஆயினும் நட்டவர்கள் நட்டார்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு நெசவாளருள் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசி, வெளியில் தமிழ் பேசுவோர் ஏராளம். இதனை ஒரு குறைபாடாகக் கருதிக் கூச்சப்படுவோரும் உண்டு. ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் டிமென்ஷியா எனப்படும் மறதி நோயால் பீடிக்கப்பட்ட 648 பேரை ஆராய்ந்து 2013இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இரண்டு மொழிகள் பேசியவர்களுக்கு நோய் தலைகாட்டிய வயது, ஒரு மொழியே பேசியவர்களுக்கு இருந்ததைவிடச் சராசரியாக நாலரை ஆண்டு பின்தள்ளியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடத்திலும் இவ்வேறுபாடு காணப்பட்டது என்பதே இதில் சிறப்பு. ஆகவே பள்ளிப் படிப்பின் பயன் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. வேறு நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் சில இதனோடு முழுதும் ஒத்துப்போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எப்படியாயினும், பாட்டி பேசும் மொழியைப் பேரனுக்கு மறக்கடிப்பதில் யாருக்கும் ஆதாயமில்லை.

எழுத்தறிவு இன்னும் உறுதியான செய்தி. இலக்னோ நகரை அடுத்த சிற்றூர்களில், எழுத்தே அறியாதிருந்த முப்பது வயதை ஒட்டிய பெண்களுக்கு ஆறு மாத காலம் இந்தி எழுத்துக்களைக் கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்தனர். மூளையின் மேற்பரப்பில் மட்டுமின்றி அதன் அடித்தண்டு வரையில் மாற்றம் நிகழ்ந்திருப்பதாக 2017இல் அறிவித்தனர். கருவி இல்லாமலே நம்மவர் இதைக் கண்டதுண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால், பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் விடவும் கற்றனர். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் வயது வந்தபின் இரு சக்கரத்தின் மேல் சமநிலை காத்ததைவிடப் பெரிய மூளைப் பயிற்சி யாது?

கற்றல் ஒருபுறமிருக்க, மூளையும் உடம்பின் ஓர் உறுப்பே என்பதை மறக்கலாகாது. மறதி நோய் நம் பக்கத்துக்குப் புதியதன்று. 1990களிலேயே திருப்போரூர்ப் பகுதியில் சென்னை ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகச் சென்று பார்த்தபோது, 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் அது இருந்தது. 2023இல் வெளியான அகில இந்திய மதிப்பீடு நூற்றுக்கு 7.4 என்கிறது. இரண்டும் வெவ்வேறு முறையில் செய்யப்பட்டவை. ஆகையால் ஒன்றோடொன்று வைத்து நோய் இரட்டித்துவிட்டது என்று கூறுதல் பிழை. சாவியை எங்கு வைத்தோம் என்று தேடுவதெல்லாம் இந்நோயன்று. சாவி எதற்கு என்பதே மறந்துபோவதுதான் கவலைக்குரியது.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு, தடுக்கத்தக்க காரணங்கள் 14 என்று கணக்கிட்டது. அவை அடியோடு நீங்குமாயின் உலகில் இந்நோய் நூற்றுக்கு ஏறத்தாழ 45 வரையில் குறையவோ தள்ளிப்போகவோ கூடும் என்பது அக்குழுவின் மதிப்பு. எல்லாவற்றையும் இங்கே விரிக்க இடமில்லை. நடுவயதில் கவனியாது விட்ட இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மிகுந்த குடி, தனிமை ஆகியவை நாம் முன்னமே அறிந்த பகைகள். ஜி.எஸ்.டி. சாலையில் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வண்டியோட்டுபவர், தலைக்காயமும் அப்பட்டியலில் இருப்பதை அறிந்தால் நன்று.

நம்மவர் பெரிதும் அலட்சியம் செய்வன காதும் கண்ணும். செவி மந்தமானால் பேச்சு குறைகிறது. பேச்சு குறைந்தால் கூட்டம் தவிர்க்கப்படுகிறது. மூளைக்குச் செல்லும் செய்தியே சுருங்கிவிடுகிறது. விசைத்தறிக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் இதனைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். கண்புரை வந்த நெசவாளர் அறுந்த இழையைப் பிணைக்க முடியாமல், "மூளை மழுங்கிவிட்டது" என்று நினைத்துத் தறியை விடுகிறார். மழுங்கியது கண்ணாடி போட்டோ அறுவை செய்தோ தீர்க்கத்தக்க பார்வையே. இவ்வாறு தறியை விட்டு வீட்டில் ஒடுங்குபவர் இழப்பது கூலி மட்டுமன்று.

குழித்தறியில் கால் ஓயாது மிதித்தாலும் அது நடைக்கு ஈடாகாது. அமெரிக்காவில் முதியோர் 120 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் ஓராண்டு நடந்தவர்களின் நினைவுக்குரிய மூளைப் பகுதி நூற்றுக்கு இரண்டு பங்கு வளர்ந்திருந்தது. நடவாமல் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோரிடம் அதே பகுதி சுருங்கியிருந்தது. 2011இல் வெளியான முடிவு இது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரிச் சாலையோ, திருநீர்மலை அடிவாரமோ, ஊர் ஏரிக்கரையோ, நடப்பதற்குக் கட்டணமில்லை. செல்பேசியில் விற்கும் மூளை விளையாட்டுகளுக்குச் சந்தாக் கட்டுவோர் அப்பணத்தில் ஒரு சோடி நல்ல செருப்பு வாங்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சங்கங்கள் செய்யக்கூடியது என்ன? கூலி வழங்கும் நாளன்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அழைத்தல் எளிது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்த்ததையும் பலர் அறிவர். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் வேறொருவரிடம் அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு நிற்கும் அங்கத்தினர்களுக்கு, அதனைத் தாமே இயக்கும்படி எழுத்தர் நான்கைந்து முறை பொறுமையோடு உடன்நின்று காட்டலாம். ஒரே முறை காட்டிவிட்டு, "புரிகிறதா பெரியவரே?" என்று கேட்டால், அவர் தலையசைத்துவிட்டுப் போய், அடுத்த மாதமும் அட்டையை அடுத்தவரிடமே கொடுப்பார்.

பயிற்சி வகுப்பு விஷயத்தில்தான் சிறிது துணிவு வேண்டும். அனுப்பப்படும் இருவரில் ஒருவர் ஐம்பதைக் கடந்தவராக இருக்கட்டும். அவரை மூன்று நாள் முகாமுக்கு அனுப்பிவிட்டு, கற்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லுதல் கூடாது. மேலே கண்ட தையல் சோதனையில் வாரத்துக்கு 15 மணி வீதம் மூன்று மாதம் ஆயிற்று என்பதை நினைவிற் கொள்க. முதல் மாதம் அவர் இளையவரைவிடப் பின்தங்குவார். அந்த மாதத்துத் துணியில் பழுது இருக்கும். பழுதுக்குக் கூலி பிடிப்பது வழக்கம். குடும்பப் பொறுப்புள்ளவர் புதியதைக் கற்க அஞ்சுவதற்கு வயதைக் காட்டிலும் இந்தப் பிடித்தமே பெரிய காரணம் எனக் கருதுகிறேன். பயிற்சிக் காலத்துக்கு மட்டும் அப்பிடித்தத்தை நிறுத்திவைத்து, அதனால் வரும் சிறு நட்டத்தைச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஈடுகட்டத் துணைவிதிகளில் இடமுண்டா என்பதை ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் அடுத்த கூட்டத்துக்கு முன் பார்த்து வைத்தால், பொதுக்குழுவில் அதனை ஒரு தனிப் பொருளாகவே எடுத்துக்கொள்ளலாம்.